சுண்ணாம்புக் கோடு

குழாய் பதிப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, செயற்கைக்கோள் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்லும் போனும் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு அளவு நாடா, ஒரு கயிறு, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பழைய பால்பவுடர் டின். டின்னுக்குள் சுண்ணாம்புத் தூள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு டின்னைத் தட்டிக்கொண்டே நடந்தால் தெருவில் வெள்ளையாய்க் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்தான் பள்ளம் தோண்டுவார்கள், குழாய் பதிப்பார்கள். என் வேலைக் காலம் முழுக்க நான் செய்ததிலேயே சுலபமான காரியம் அதுதான். அதைப் பற்றி மட்டும்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது ஒரு மேலதிகாரி உங்களையும் அனுப்புவார், "போய் மார்க் பண்ணிட்டு வாய்யா" என்று. கிளம்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பணம் வந்துடுச்சா சார்?" முறைப்பார். முறைக்கட்டும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எண்பதுகளின் கடைசியில் நான் தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு ஒன்றிய அலுவலகத்தில் குடிநீர் வேலைகளுக்கு ஓவர்சியராக இருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் பக்கமெல்லாம் அப்போது வயலுக்கு நடுவே கல் நட்டு மனையாக்கிக்கொண்டிருந்த காலம். மனை வந்தது, மனைக்கு மேல் வீடு வந்தது. ரோடு வரவில்லை, சாக்கடை வரவில்லை, தண்ணீர் வரவில்லை. எப்படி வரும்? வீடு கட்டுபவன் அவசரத்தில் கட்டிவிடுகிறான். எங்கள் அலுவலகத்துக்கு வரும் காசில் வருஷத்துக்கு இரண்டு தெருவுக்குக் குழாய் போட்டால் அதுவே திருவிழா.

அதனால் என்ன ஆயிற்று என்றால், அந்தப் பக்கத்தில் தெருக்கள் இரண்டு ஜாதியாகப் பிரிந்துவிட்டன. நல்ல தண்ணீர்த் தெரு, உப்புத் தண்ணீர்த் தெரு. வாடகைக்கு வீடு பார்க்க வரும் பெண்கள் அறை எத்தனை என்றுகூடக் கேட்கமாட்டார்கள். முதல் கேள்வியே, "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?" என்பதுதான். வேகும் என்றால் ஒரு வாடகை. வேகாது என்றால் அதில் பாதி. ஒரே அளவு வீடு, ஒரே ஓடு, ஒரே கொசு. சிமெண்டுக்கும் செங்கல்லுக்குமா அவர்கள் வாடகை கொடுத்தார்கள்? தண்ணீருக்குக் கொடுத்தார்கள்.

எஸ்தர் வாடகைக்கு இருந்தது உப்புத் தண்ணீர்த் தெருவில். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரே பெண், ஜெபா. ஒரு காலில் போலியோ. இடுப்பிலிருந்து பாதம் வரை கம்பி வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டு நடக்கும். அந்தத் தெருக்கோடியிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரைக்கும் ஒரு படிகூட ஏற வேண்டாம். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல், அந்தக் குழந்தை தானாக நடந்து போய்த் தானாக வந்துகொண்டிருந்தது. எஸ்தருக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். வீடு ஒழுகினாலும் சரி, பருப்பு வேகாவிட்டாலும் சரி, பெண் பள்ளிக்கூடத்துக்குத் தானே நடந்து போக வேண்டும்.

ஆனால் வேகாத பருப்பைச் சகித்துக்கொள்கிறவள் சும்மா இருக்கிறவளும் இல்லை. தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு காலிக் குடங்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். நானும் அப்போது கொஞ்சம் முன்கோபக்காரன். இப்போது மட்டும் என்ன, வயசாகிவிட்டதால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

"இன்னா சார், நாங்க வெயில்ல வந்துகினே கீறோம், நீங்க ஃபேனுக்கடியில குந்திகினே கீறீங்க?"

"ஃபேனைக் கழட்டி உன் தலைக்கு மேல மாட்டட்டுமா? பணம் வந்தாதானம்மா பைப்பு?"

"எப்போ வரும்?"

அப்போது நடைமுறை என்னவென்றால், தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் இணைப்புக்காக முன்கூட்டியே டெபாசிட் கட்ட வேண்டும். கட்டின தெருவுக்கு முன்னுரிமை. அரசாங்கத்திடம் காசு போதாது, பாதியை ஜனங்களிடமே வாங்கு என்பதன் கௌரவமான பெயர் அது. அந்தத் தெருக்காரர்களோ கட்டமாட்டோம் என்றார்கள். இதற்கு முன்னால் இரண்டு தடவை ஏமாந்த ஜனம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் இதைச் சொன்னதும் எஸ்தர் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு கோடு போட்டுக் குடுங்க சார். பைப்புக்குப் போடுவீங்களே, வெள்ளையா. அத்தக் கண்ணால பாத்தா நம்புவானுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அது ஒன்றும் புதிதில்லை. எஸ்டிமேட் தயாரிக்கும்போதே கோடு போட்டுவிடுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். பணம் ஒரு வருஷம் கழித்து வரும், இரண்டு வருஷம் கழித்தும் வரும். கோடு முதலில் விழுந்துவிடும். அதிகாரிக்கும் திருப்தி, ஜனத்துக்கும் திருப்தி, சுண்ணாம்பு என்ன விலை விற்கிறது? மறுநாளே போனேன். டின்னை என் கையிலிருந்து எஸ்தர் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க கவுறப் புடிங்க சார்" என்று எனக்கே உத்தரவு. அவள் தட்டிக்கொண்டே முன்னால் நடக்க, பின்னால் ஜெபா அந்தக் கோட்டின் மேலேயே காலிப்பர் தேயத் தேய நடந்து வந்தது. "ஏய், கோட்ட அழிக்காத!" என்று அம்மாக்காரி திட்டினாள். திட்டும்போதே சிரித்துவிட்டாள். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

அந்த மாதமே டெபாசிட் கட்டிவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனேன். மனை புரோக்கர் ஒருவர், தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து என் கோட்டின் மேல் நிறுத்திவைத்திருந்தார். "பாத்துக்கோங்க சார், கவர்மெண்டு போட்ட கோடு. ஆறு மாசத்துல ஸ்வீட் வாட்டர். இன்னைக்கு விட்டா இந்த விலைக்குக் கிடைக்காது." அவர் வேலையை அவர் செய்தார். பத்திரத்தில் காட்டினால்கூட ஜனங்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பியிருக்கமாட்டார்கள். மனை விலை ஏறியது. மனை விலை ஏறியதும் வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. இத்தனைக்கும் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எஸ்டிமேட் மேலிடத்தில் யாரோ ஒருவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தரின் வீட்டுக்காரர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாக்கி வாடகைக்காக ஒரு நாள்கூட அவளை வாசலில் நிறுத்தியவர் இல்லை. அவரே என்னை வழியில் நிறுத்திச் சொன்னார்.

"நான் என்ன சார் பண்றது? டெபாசிட்டு கடன் வாங்கிக் கட்டியிருக்கேன். பென்ஷன் மருந்துக்கே சரியாப் போறது. தண்ணி வரப்போற தெருன்னு இந்த வாரத்துல மூணு பேர் வந்து கேட்டுட்டாங்க, எஸ்தர் குடுக்கறதைப் போல ரெண்டு பங்கு தரேன்றாங்க. அந்தப் பொண்ணு முகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாளா பின்பக்கமாப் போய் வந்துட்டிருக்கேன்."

கடைசியில் சொல்லத்தானே வேண்டும், சொன்னார்.

எஸ்தர் வீடு மாற்றிய அன்று நான் தற்செயலாகத்தான் அங்கே போனேன். மூன்று சக்கர வண்டியில் பாத்திரம், பாய், ஒரு இயேசு படம், அதற்கு மேல் ஜெபா. பெருங்களத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்திருக்கிறதாம். அங்கே தண்ணீர் உப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

"என்னம்மா, நீ கேட்டுத்தானே கோடு போட்டேன்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஆமா சார். நாந்தான் கேட்டேன். வுடுங்க, அடுத்தவங்களாச்சும் நல்ல தண்ணி குடிக்கட்டும்."

வண்டி என் கோட்டின் மேலேயே ஏறிப் போயிற்று. அந்த வருஷ மழையில் கோடு கரைந்துவிட்டது. தண்ணீர் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். டெபாசிட் வசூலித்துக் கொடுத்தது யார் என்று மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் முறை வருவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னைத் தெற்கே தூக்கிப் போட்டார்கள். ஊரப்பாக்கம், அதைச் சுற்றிய கிராமங்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் பார்த்த அதே காட்சி அங்கே மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கல் நட்ட வயல், ரோடில்லாத வீடு, குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள். ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு தெருவிலிருந்து மனு கொடுக்க வந்தார்கள். கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசி வரிசையில் வாயே திறக்காமல் நின்ற ஒருத்தியைப் பார்த்ததும் எனக்கு யாரென்று புரியவில்லை. தலை நரைத்துவிட்டிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு டீக்கடையில் வந்து பிடித்தாள்.

"சார், என்னத் தெரியுதா? நான்தான் எஸ்தரு."

"அடடே! என்னம்மா இது, எல்லாரும் கத்தினாங்க, நீ ஊமையா நிக்கறே? அந்தக் காலத்துல என்னை ஃபேனோட சேர்த்துத் திட்டுவியே!"

அவள் சிரிக்கவில்லை.

"சார், எங்க தெருவுக்குத் தண்ணி வேணாம் சார்."

என் வேலைக் காலத்தில் தண்ணீர் வேண்டாம் என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. "என்ன உளர்றே?" என்று கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். பெருங்களத்தூரில் இருந்தாள், தெருவுக்குத் தார் ரோடு வந்தது, வாடகை ஏறியது. வண்டலூருக்குப் போனாள், அங்கே மேல்நிலைத் தொட்டி கட்ட அஸ்திவாரம் போட்டார்கள், தொட்டி எழும்புவதற்குள் வாடகை எழும்பிவிட்டது. அப்புறம் ஊரப்பாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி இறங்கி வந்திருக்கிறாள். வேலை மட்டும் அதே தாம்பரத்தில். ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஜெபாவுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. நடுவில் ஒரு வருஷம் பள்ளிக்கூடமே இல்லை.

"இப்போ பத்தாவது படிக்குது சார். நல்லாப் படிக்குது, டீச்சரே சொல்றாங்க. ஸ்கூலு இந்தப் பக்கமே கீது. ரயில்வே பாலம் ஏறி எறங்க வேணாம், தானா நடந்து போய்க்கினு கீது. மார்ச்சு மாசம் பரிட்சை. அதுவரைக்கும் உப்புத் தண்ணியே போதும் சார். வேற தெருவுக்குப் போடுங்க சார், எங்க தெருவுக்குக் கோடு மட்டும் போட்டுடாதீங்க."

"எந்தத் தெருன்னு முடிவு பண்றது நான் இல்லம்மா."

"கோடு போடறது நீங்கதானே சார்?"

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

தெரு முடிவாகிவிட்டது, அவளுடைய தெருதான். என்னால் முடிந்தது ஒன்றுதான். கோடு போடவில்லை. பக்கிரி என்று ஒரு ஃபிட்டர் எங்களிடம் இருந்தார். அவரும் நானும் சாயங்காலம் காற்று வாங்குகிறவர்கள் போல நடந்தே அளந்துகொண்டோம். எந்தக் கம்பத்துக்கு நேரே வளைவு, எந்த வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வால்வு என்று எல்லாவற்றையும் அவர் மண்டையில் ஏற்றிவைத்தேன். "சார், நமக்கு இன்னா சார் கிறுக்கா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

உள்ளூர்த் தலைவர் ஒருவர் வந்தார். "கோடு எங்க சார்? கோடு போட்டாதானே நாம வேலை பண்றது ஜனங்களுக்குத் தெரியும்?"

"சுண்ணாம்பு ஸ்டாக் இல்லைங்க."

"என்ன சார் விளையாடறீங்க? சுண்ணாம்பு நான் வாங்கித் தரேன்!"

"அரசாங்க வேலைக்குத் தனியார் சுண்ணாம்பு வாங்கக்கூடாதுங்க, ஆடிட்ல மாட்டிப்பேன்." முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொன்னேனோ, மனுஷன் நம்பிவிட்டார். மேலதிகாரி நம்பவில்லை. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மழைக்காலம் போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது. தெருவில் புரோக்கர் தலை தென்படவில்லை, வாடகை ஏறவில்லை, ஜெபா தினமும் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். எங்கள் வேலை நடக்கிற லட்சணத்தில் பணம் வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்று நான் மலைபோல நம்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக நம் ஆபீஸின் மெத்தனத்தை நம்பி இருந்தேன்.

பொங்கல் முடிந்ததும் பணம் வந்துவிட்டது.

வேறு எங்கோ செலவழிக்காமல் கிடந்த நிதியாம். மார்ச்சுக்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் அந்தத் தெருவுக்கு அடுத்த முறை எப்போதென்று கடவுளுக்கும் தெரியாது. தெருவில் எத்தனையோ வீடு. கைக்குழந்தைக்காரிகள் லாரித் தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசித்துப் பாருங்கள். நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் வேலையைத் தொடங்கத்தான் சொல்வேன்.

கோடு போடாமலே நேராகப் பள்ளம் தோண்டினோம். பக்கிரி ஒரு அங்குலம் பிசகவில்லை. என் வேலைக் காலத்தில் சொன்ன நாளுக்கு முன்னால் முடிந்த ஒரே வேலை அதுதான். பிப்ரவரி முடிவதற்குள் தயார்.

தண்ணீரை முதலில் திறந்துவிடும்போது தெருவின் கடைசிக் குழாயில்தான் பார்ப்போம். அங்கே வந்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் வரும் என்று அர்த்தம். அதனால் கடைசி வீட்டுக்காரிதான் முதல் குடம் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடைசி வீட்டில் எப்போதும் யார் இருப்பார்கள் தெரியுமா? அந்தத் தெருவிலேயே குறைந்த வாடகைக்கு இருப்பவர்கள். அங்கே எஸ்தர் இருந்தாள்.

காலை வேளை. குழாய்க்குச் சந்தனம் வைத்திருந்தார்கள், யாரோ சூடம் ஏற்றினார்கள். எஸ்தர் குடத்தோடு முதலில் நின்றாள். பின்னால் தெருவே நின்றது. பக்கிரி அந்தக் கோடியில் வால்வைத் திறந்தார். குழாய் முதலில் இருமியது, சிவப்பாய்க் கொஞ்சம் துப்பியது, அப்புறம் கண்ணாடி மாதிரி கொட்டியது. பெண்கள் கைதட்டினார்கள். எஸ்தர் ஒரு கை ஏந்திக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாக் கீது சார். ரொம்ப நல்லாக் கீது." குடத்தை வைத்தாள். அது நிறையும் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். "வூட்டுக்காரம்மா நேத்தே சொல்லிடுச்சு, அடுத்த மாசத்துலேந்து புது வாடகையாம். என்னால ஆவாது. கூடுவாஞ்சேரிக்குத்தான் போவணும். பரிட்சைக்கு அங்கேந்து ரயில்ல வரும், பாலம் ஏறி எறங்கணும், பாத்துக்கலாம்."

நான் குனிந்து குழாயை மூடினேன்.

"சார், உங்களுக்குத்தான் தெரியும், அதான் கேக்கறேன்" என்றாள். "கூடுவாஞ்சேரில எந்தத் தெருவுக்கு இப்போதைக்குத் தண்ணி வராது?"

எனக்குத் தெரியும். அந்த வருஷப் பட்டியலில் எந்தத் தெரு இல்லை, அடுத்த பட்டியலிலும் எது வராது என்பது எல்லாம் எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுக்கச் சம்பளம் வாங்கியவன் நான். ஸ்டேஷனைத் தாண்டி, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இரண்டு தெருக்கள் இருந்தன. அதில் படி ஏறாமல் போகக்கூடிய வீடுகள் எந்தத் தெருவில் அதிகம் என்று யோசித்து, அதன் பெயரைச் சொன்னேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு எஸ்தர் நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.